பெட்டாவில மூண்டு மணித்தியாலம், 12 படம்: 4,000 ரூபாவுக்குப் பெறுமதியா?

முதலே சொல்லிடுறன், நான் ஃபோட்டோகிராபர் இல்ல. வெள்ளவத்தையில ஒரு சின்ன பிரஸ்ஸில டிசைன் செய்யிறன். கலியாண காட், சாமத்தியவீட்டு காட், கோயில் திருவிழா நோட்டீஸ், பிறந்தநாள் பனர், அந்தியேட்டிக் கல்வெட்டு (செத்தவரின்ர நினைவாக் குடுக்கிற சின்னப் புத்தகம்) எல்லாம் என்ர மேசைக்குத்தான் வரும். அதால கொழும்பு பெட்டாவில நான் போன "பாக்கப் பழகுற நடை" பற்றின இந்த ரிவ்யூவை ஒரு கமரா வைச்சிருக்கிற ஆள் எழுதினதா நினைச்சு வாசிக்காதேங்கோ, "லென்ஸ் என்ன, அப்பேச்சர் என்ன" எண்டு கேட்டா எனக்குத் தெரியாது, என்னட்ட இருக்கிறது மூண்டு வருசப் பழைய ஃபோன், அதிலயும் கண்ணாடி ஒரு மூலையில வெடிச்சிருக்கு.

நான் ஏன் இதுக்குப் போனன் எண்டா, ஒரு ஆறு ஏழு மாசமா தலைக்குள்ள ஒண்டும் இல்ல. கலியாண காட் அடிக்க வாற ஆக்கள் எல்லாரும் ஃபோனை நீட்டி ஒரு ஸ்கிரீன்ஷொட் காட்டுவினம், பத்துப் பேரில எட்டுப் பேர் காட்டுறது ஒரே காட்தான், வெளிர் பச்சையில யூகலிப்டஸ் இலை, நடுவில தங்கக் கலரில ரெண்டு பேர், சுத்தி வெள்ளை. வெள்ளவத்தையில ஆரப்பா யூகலிப்டஸைக் கண்டது? (மலைநாட்டில இருக்கு எண்டு சண்டைக்கு வராதேங்கோ, எனக்கும் தெரியும்.) சரி நான் வேற ஏதும் தேடுவம் எண்டு ஃபோனில டிசைன் படம் பாக்கிற ஆப்பைத் திறந்தா, ஒரு இலையைத் தொட்ட பிழைக்கு நூறு இலை வந்து நிக்கும், அதில ஒண்டைத் தொட்டா இன்னும் நூறு. நீங்க எதைப் பாத்தீங்களோ அதைப் போலதான் அது திரும்பத் திரும்பக் காட்டும், அதின்ர வேலையே அதுதான், அதில கோவிக்க ஒண்டும் இல்ல. ஆனா கஸ்டமரும் அதையே பாக்கிறா, நானும் அதையே பாக்கிறன், பக்கத்துப் பிரஸ்காரனும் அதையே பாக்கிறான், பிறகு எங்க இருந்து வேற ஒண்டு வாறது?

அப்பதான் எங்களுக்குப் பேப்பர் சப்ளை பண்ற அக்கா ஒரு போஸ்டரை வட்ஸ்அப்பில போட்டா. ஞாயிறு விடிய, புறக்கோட்டை (பெட்டாதான்), "பாக்கப் பழகுற நடை", மூண்டு மணித்தியாலம், 8 பேர் மட்டும், மூண்டு மொழியிலும் விளக்கம், 4,000 ரூபா. (போஸ்டர் படுமோசம், அஞ்சு ஃபொண்ட், அதில ரெண்டுக்கு நிழல் வேற. அதைப் பாத்து போகாம விட்டிருப்பன், அக்கா சொன்னதாலதான் போனன்.) நடத்துறவர் ஒரு பேப்பரில கனகாலம் ஃபோட்டோ எடுத்து இப்ப ரிட்டயர் ஆன ஆள். பேர் போடேல்ல, ஏனெண்டா கீழ கொஞ்சம் குறையும் சொல்லப்போறன், அந்த மனுசனுக்கு அது வேண்டாம். எல்லாரும் அவரை சேர் எண்டுதான் கூப்பிடுறது, நானும் அப்படியே சொல்றன். 1,500 முதல் பாங்கில போடோணும், மிச்சம் கையில. போட்டு மூண்டு நாளைக்கு ஒரு மெசேஜும் இல்ல, காசு போயிட்டுதோ என்னவோ எண்டு நான் பயந்து கடைசியா கோல் எடுக்க, "ஓ வந்திட்டு மகள், வாங்கோ" எண்டார். ரிசீட் எண்டு ஒண்டும் இல்ல.

சந்திக்கிற இடம் கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னால, ஒல்கொட் சிலையடி, 6.15க்கு. நான் அஞ்சரைக்கே எழும்பி காலி வீதிக்கு வந்து 101 பஸ் பிடிச்சு 6.10க்கு அங்க நிக்கிறன், ஒரு சனமும் இல்ல. வெளிக்கிடேக்குள்ள 6.55. இதை நான் பெரிய குறையாச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, கொழும்பில விடிய வெயில் வடிவா சரிஞ்சு வாறது கொஞ்ச நேரம்தான், நாங்க மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறபடியா சூரியன் நேரா மேல ஏறிடும், 9 மணிக்கு மேல எல்லாம் வெள்ளை வெளேரெண்டு தட்டையாப் போயிடும். அந்த நாப்பது நிமிசம்தான் நாங்க காசு குடுத்த நிமிசம். பிறகு பாத்தா 8 பேர் இல்ல, 13 பேர். ரெண்டு சிங்கள ஜோடி, நுகேகொடையில இருந்து ஒரு ஆர்க்கிடெக்சர் படிக்கிற பெட்டையள் குறூப், ஹட்டனில இருந்து வந்து கொட்டாஞ்சேனையில போடிங்கில இருக்கிற ஒரு தம்பி, பெரிய கமராவோட ஒரு பாங்க் மனேஜர், நான்.

சேர் எல்லாருக்கும் ஒரு அட்டை தந்தார். சப்பாத்துப் பெட்டி அட்டைதான், நடுவில தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டியிருக்கு, அவ்வளவுதான். முதல் ஒரு மணித்தியாலம் ஃபோனை எடுக்கக் கூடாதாம், இந்த ஓட்டையாலதான் பாக்கோணும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அட்டையைக் கிட்டக் கொண்டு வந்தா அகலமாத் தெரியும், கையை நீட்டினா ஒரு சின்னத் துண்டு மட்டும் தெரியும். எனக்கு முதல் சிரிப்பு, பிறகு கோவம், 4,000 ரூபாவுக்கு சப்பாத்துப் பெட்டியா எண்டு. இந்த வித்தை புதுசில்லை எண்டு சேரே சொன்னார், லொஸ் ஏஞ்சலிஸில கொரிடா கென்ட் எண்டு ஒரு கன்னியாஸ்திரி இருந்தவ, அவ ஸ்க்ரீன் பிரிண்டில பெரிய ஆள், கொலிஜ்ஜில ஆர்ட் படிப்பிக்கேக்குள்ள பிள்ளையளிட்ட இப்படி ஓட்டை வைச்ச அட்டையைக் குடுத்து ரோட்டுக்கு அனுப்புறவவாம். ஸ்க்ரீன் பிரிண்ட் எண்டதும் நான் கொஞ்சம் மரியாதையாக் கேக்கத் தொடங்கினன், எங்கட தொழில்தானே.

ஆனா உண்மையில அந்த அட்டை வேலை செய்யுது. எப்படி எண்டா, பெட்டா எண்டது நான் சின்னனில இருந்து அம்மாவோட போய் வாற இடம், துணி, பிளாஸ்டிக் சாமான், தீபாவளிக்குச் சட்டை. அங்க போனா கண் கடையின்ர பேரையும் விலையையும் மட்டும்தான் தேடும், மிச்சம் எல்லாம் ஒரே சத்தமா வந்து மோதும். ஓட்டையாலப் பாக்கேக்குள்ள கடை எண்டதே காணாமப் போயிடுது. ஒரு நீலத் தகட்டுக் கதவு, அதில துருப்பிடிச்ச ஒரு கோடு, அதுக்குப் பக்கத்தில மடிச்சு வைச்ச ஒரு செம்மஞ்சள் தறப்பாள், அவ்வளவுதான் தெரியுது, அந்த நீலமும் செம்மஞ்சளும் பக்கத்தில பக்கத்தில நிண்டு ஒரு சாரி போடர் மாதிரி இருக்கு. நான் வருசக்கணக்கா கொம்பியூட்டரில கலர் வீலை உருட்டி உருட்டித் தேடுற சோடி, ஆரோ ஒரு வண்டி இழுக்கிற நாட்டாமி சனிக்கிழமை பின்னேரம் வண்டியை மூடிக் கட்டிப்போட்டுப் போன தறப்பாளில கிடக்கு.

ஞாயிற்றுக்கிழமையில பெட்டாவில ஒண்டும் இருக்காது எண்டு நினைச்சுத்தான் போனன். முக்கால்வாசிக் கடை பூட்டு, உண்மைதான். ஆனா கடை திறந்திருந்தா ஷட்டரைக் காணேலாது தானே. ஷட்டரில கையால எழுதின எழுத்து, டெலிபோன் நம்பர் (சில நம்பரில இன்னும் அந்தக் காலத்து ஆறு இலக்கம்), ஒண்டுக்கு மேல ஒண்டா மூண்டு பேர் பெயின்ட் அடிச்சு உரிஞ்சு கீழ இருக்கிற பழைய கடையின்ர பேர் எட்டிப் பாக்குது. கிழமை நாளில வந்தா இதொண்டும் தெரியாது, பெல்ட்டும் பொம்மையும் தொங்கும்.

முதல் நிண்ட இடம் கான் மணிக்கூட்டுக் கோபுரம், மெயின் வீதி வாசலில. 1923இல பம்பாயில இருந்து வந்த ஒரு பார்சிக் குடும்பம் தங்கட தகப்பன்ர ஞாபகமாக் கட்டினது. அதுக்குக் கீழ நான் ஆயிரம் தரம் பஸ் பிடிச்சிருக்கிறன், மேல பாத்தது அண்டைக்குத்தான். அதைப் பற்றி வேற சொல்ல ஒண்டும் இல்ல.

சம்மாங்கோட்டுப் பள்ளிக்கு வருவம், அதுதான் இந்த நடையின்ர முக்கியமான இடம் எனக்கு. இரண்டாம் குறுக்குத் தெரு சிவப்புப் பள்ளி எண்டா எல்லாருக்கும் விளங்கும், இன்ஸ்டாகிராமில கொழும்பு எண்டு போட்டா முதல் வாற படம். நானும் ஒரு நாளும் உள்ள வடிவாப் பாத்ததில்ல, "டூரிஸ்ட்டுகள் எடுக்கிற இடம்" எண்டு ஒரு எண்ணம். 1908இல கட்டத் தொடங்கி அடுத்த வருசம் முடிச்சது, ஹபீபு லெப்பை சாய்பு எண்டவர்தான் வடிவமைச்சது, அவர் படிச்சு வந்த ஆர்க்கிடெக்ட் இல்லையாம், இந்தியாவில இருந்து வந்த வியாபாரிகள் தங்கட பக்கத்துக் கட்டிடங்களின்ர படத்தைக் காட்ட, அதைப் பாத்துச் செய்தவராம். சேர் இதைச் சொல்லிப்போட்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறார், நான் வெளிக்கிடேக்கயே அவருக்கு ஸ்கிரீன்ஷொட் கதை சொல்லியிருந்தனான். அப்ப அந்தாளுக்கும் கஸ்டமர் ரெஃபரன்ஸ் படத்தோடதான் வந்திருக்கினம்! ஆனா செய்து முடிச்சது ஆரின்ர படம் மாதிரியும் இல்ல. கும்மட்டம் மாதுளம்பழம் மாதிரி இருக்கு. கலர் ரெண்டே ரெண்டு, சிவப்பும் வெள்ளையும், அந்த ரெண்டை வைச்சு ஒரு இடத்தில படுக்கைக் கோடு, தூணில சுத்திச் சுத்தி ஏறுற கோடு, இன்னொரு இடத்தில சதுரம் சதுரமா, கோட்டின்ர அகலமும் இடத்துக்கு இடம் மாறுது. அரை மணித்தியாலம் அங்கயே நிண்டன். ரெண்டு கலர் பிரிண்ட் எண்டா "மலிவுக்கு அடிக்கிறது" எண்டு நினைக்கிற ஆள் நான், நோட்டீஸுக்கு மட்டும்தான் ரெண்டு கலர். அண்டைக்குப் பிறகு அப்படி நினைக்கேல்ல.

இங்கதான் ஃபோன் எடுக்க விட்டார். அதுக்கும் கட்டுப்பாடு, முழு நடைக்கும் 12 படம்தான், அழிச்சுப்போட்டு எடுக்கவும் கூடாது. ஏன் 12 எண்டு கேட்டா, பழைய சதுரப் படம் எடுக்கிற கமராவில ஒரு 120 ரோலுக்கு 12தான் வருமாம், அவர் பழகினது அதில. இன்னொண்டு, ஃபோனில 1x இல எடுக்காதேங்கோ 2x இல வையுங்கோ எண்டார், ஃபோனின்ர சாதாரண லென்ஸ் சரியான அகலம், ரோட்டில இருக்கிற குப்பை எல்லாத்தையும் உள்ள இழுத்துப் போடும், 2x எண்டா கிட்டத்தட்ட பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸ் பாக்கிற அளவு, காணாட்டி விரலால இழுக்காம காலால நடந்து கிட்டப் போகட்டாம். சிவப்புக்கு ஒரு சின்ன வித்தை: படத்தில சிவப்பில விரலை வைச்சிட்டு வெளிச்சத்தைக் கீழ இழுத்துக் குறைக்கோணும், இல்லாட்டி சிவப்பு எல்லாம் ஒரே பசை மாதிரி ஆகிடும், செங்கல்லின்ர கோடு தெரியாது. இதை நான் பிறகு வீட்ட அம்மான்ர கூறைச் சாரியில செய்து பாத்தன், உண்மை, நெசவு தெரியுது. பிரஸ்ஸில சாரிக்கடைப் படம் எடுக்கிற எல்லாருக்கும் இதை மட்டுமாவது சொல்லிக் குடுங்கோ.

பக்கத்தில பிளேன்டீ குடிக்க நிண்டம். (40 ரூபா பிளேன்டீ, முழு நாளிலயும் நல்ல சாமான் அதுதான்.) சேர் பேர்ஸுக்குள்ள இருந்து ஒரு பழைய நோட்டு எடுத்தார், 1979இல வந்த சீரிஸ், அதில தலைவர் ஒருத்தரின்ர முகமும் இல்ல, மீன், பறவை, வண்ணத்துப்பூச்சி, பூ. பின்பக்கம் நெட்டா நிமித்திப் பாக்கிற மாதிரி. கீறினது லக்கி சேனநாயக்க, ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவாவோட சேர்ந்து வேலை செய்த ஆர்ட்டிஸ்ட். அப்பாட்ட அந்த நோட்டு ரெண்டு மூண்டு சாமி அறையில இருக்கு, நான் அதைக் காசு எண்டுதான் பாத்தனான். நல்ல ட்ரோயிங் பாக்க கலரிக்குப் போகோணும் எண்டில்ல, ஒரு காலத்தில மரக்கறிக்காரியின்ர சுருக்குப் பைக்குள்ளயும் இருந்திருக்கு.

இந்த இடத்தில ஒரு குறை. மூண்டு மொழி எண்டு போஸ்டரில போட்டது சும்மா. சேர் நல்லாத் தமிழ் கதைப்பார், ஆனா 13 பேரில தமிழ் நாங்கள் ரெண்டு பேர் எண்டதால எல்லாம் சிங்களத்திலயும் இங்கிலிஷிலயும்தான் போச்சு, தமிழில "விளங்கினதா மகள்?" எண்டது மட்டும். எனக்குப் பரவாயில்ல, ஹட்டன் தம்பி கன இடத்தில முழிச்சுக்கொண்டு நிண்டவன், நான் பாதியை மாத்திச் சொன்னன். அப்ப எனக்கு டிஸ்கவுன்ட் தரோணும் தானே!

செட்டியார் தெருவில நாங்கள் ரெண்டு பேரும்தான் ராசா. கைமன்ஸ் கேட் மணிக்கூண்டைத் தாண்டி அங்கால திரும்பினா நகைக்கடை நகைக்கடையா வரும், பழைய கதிரேசன் கோயில், புதுக் கதிரேசன் கோயில், அந்தத் தெருவில தமிழ் எழுத்து பெரிசா, மேல, முதலாவதா இருக்கு. கொழும்பில மற்ற இடத்தில தமிழ் எப்படி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும், போர்டில அடியில ஒடுங்கி, "ர" வரவேண்டிய இடத்தில "ற" வந்து, சில நேரம் எழுத்து உடைஞ்சு கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். எழுத்து உடையிறது, யூனிகோட் தமிழைச் சேர்த்துக் காட்டத் தெரியாத சொஃப்ட்வெயரில ஒட்டினா வாற வருத்தம், எங்கட பிரஸ்ஸிலயும் இப்பவும் பாதி ஃபைல் யூனிகோட் இல்லாத பழைய பாமினி ஃபொண்டிலதான், அதால நான் பெரிசா வாய் திறக்கக் கூடாது.

அந்தத் தெருவில ஒரு பூட்டின கடையின்ர பக்கச் சுவரில, மரப் பலகையில, பச்சையில மஞ்சள் கரை போட்டு "விற்பனை நிலையம்" எண்டு கையால எழுதியிருக்கு. முன்னுக்கு இருந்த பேர் அழிஞ்சு போச்சு. ஹட்டன் தம்பி பாத்திட்டு "அக்கா அந்த எழுத்து என்ன பிழையா இருக்கு" எண்டான். பிழை இல்ல, அது பழைய "னை", பழைய "லை", எழுத்தின்ர தலையில தும்பிக்கை மாதிரி ஒரு சுழி போட்டு எழுதுறது. தமிழ்நாட்டில 1978இல எழுத்துச் சீர்திருத்தம் எண்டு கொண்டு வந்து அதுகளை எடுத்திட்டு இப்ப இருக்கிற மாதிரி எல்லாத்துக்கும் ஒரே ஐகாரக் கொம்பு ஆக்கினவை, பிறகு இங்கயும் அது வந்திட்டு. ஃபோனில நீங்க இப்ப அதை அடிக்கேலாது, யூனிகோடில அதுக்கு வேற குறி இல்ல, ஃபொண்ட் கீறுறவர்தான் பழைய உருவத்தை உள்ள வைக்கோணும். நான் பாவிக்கிற கட்டமரன், பலூ தம்பி, முக்தா மலர், நொடோ எதைப் போட்டு அடிச்சாலும் புது "லை"தான் வரும். நல்ல ஃபொண்டுகள்தான், குறை சொல்லேல்ல, ஆனா எல்லா எழுத்தும் ஒரே பள்ளிக்கூட யூனிஃபோம் போட்ட மாதிரி. இந்தப் பலகையில எழுதினவர் "ல"வை எழுதி முடிக்காம அப்படியே தூரிகையைத் தூக்கி அந்தச் சுழியை விட்டிருக்கிறார், பெயின்ட் குறைஞ்சு வாற இடம் கூடத் தெரியுது. என்ர 12இல அஞ்சு படம் அந்த ஒரு பலகையில போச்சு, சேர் தலையில கை வைச்சார்.

கடைசி இடம் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். உள்ள ஃபோன் எடுக்க விடமாட்டினம், எடுக்கவும் கூடாது, சேர் வாசலிலயே எல்லாத்தையும் பையில போடச் சொன்னார், அட்டையையும்தான். பொன்னம்பலம் இராமநாதன் தன்ர தகப்பன் கட்டின கோயிலைக் கருங்கல்லில திருப்பிக் கட்டினது, கொழும்பில மற்றக் கோயிலெல்லாம் எண்ணெய்ப் பெயின்ட் கலரா இருக்கேக்குள்ள இது முழுக்கக் கல், உள்ளுக்கை போனா இருட்டு, குளிர். வரிசையா நிக்கிற தூணில ஒரு பக்கத்தால மட்டும் வெளிச்சம் விழுது, மற்றப் பக்கம் விளக்கின்ர மஞ்சள், கல்லு ரெண்டு கலரா இருக்கு. எங்கட வீட்டில மாசத்துக்கு ஒருக்கா போற கோயில் இது, அம்மா அர்ச்சனைத் தட்டோட முன்னுக்குப் போவா, நான் பின்னால செருப்புக் கவலையோட. மற்ற ஆக்களுக்கு அது புது இடம், எனக்குத்தான் கொஞ்சம் வெக்கமாப் போச்சு. (பெட்டையள் குறூப்பில ஒருத்தி கையில்லாத சட்டை, ஷோல் கேட்டு என்னட்ட வாங்கினவ. போறதெண்டா தோளையும் முழங்காலையும் மூடுற மாதிரி உடுத்திக்கொண்டு போங்கோ, பள்ளிக்கும் அப்படித்தான், தலைக்கும் ஒண்டு கொண்டு போங்கோ.)

இதோட 9.45. இங்கயே முடிச்சிருந்தா நான் அஞ்சுக்கு அஞ்சு குடுத்திருப்பன். ஆனா "ஃபீட்பக் செஷன்" எண்டு ஒரு ஏசி கஃபேக்குக் கூட்டிக்கொண்டு போனவை, அது காசில சேர்த்தியில்ல, ஒரு ஜூஸ் 1,100 ரூபா, தண்ணி கலந்த பப்பாசி. அங்க ஒவ்வொருத்தரின்ர 12 படத்தையும் ஃபோனைக் கைமாத்திக் கைமாத்திப் பாக்கிறது. 13 பேர் தர 12 எண்டா எவ்வளவு எண்டு கணக்குப் பாருங்கோ, ஆறாவது ஆளோட எல்லாரும் களைச்சுப் போச்சினம், பாங்க் மனேஜர் தன்ர பழைய யால சிறுத்தைப் படம் எல்லாம் காட்டத் தொடங்கிட்டார். ஒரே ஒரு நல்ல விசயம், சேர் லயனல் வென்ட்டின்ர நாலு படத்தை அச்சடிச்சு லமினேட் பண்ணிக் கொண்டு வந்திருந்தவர். 1900இல பிறந்து 44 வயசில செத்த மனுசன், லண்டனில லோ படிச்சு பியானோ வாசிச்சு கடைசியில கமராவில விழுந்தவர், எங்கட ஆக்கள் அவரின்ர பேரை நாடகம் போடுற மண்டபமா மட்டும்தான் தெரிஞ்சு வைச்சிருக்கிறம். டாக்ரூமில படம் கழுவிக்கொண்டிருக்கேக்குள்ள இடையில வெளிச்சத்தைப் போட்டா உருவத்தைச் சுத்தி ஒரு கோடு வரும், அந்த வித்தையை அவர் அந்தக் காலத்திலயே இங்க இருந்து செய்திருக்கிறார். ஒரு தோளும் கழுத்தும் மட்டும், சுத்தி மெல்லிசா வெளிச்சக் கோடு. அதை வைச்சு ஒரு மணித்தியாலம் கதைச்சிருக்கலாம், அஞ்சு நிமிசத்தில எடுத்து வைச்சிட்டார்.

சரி, பிரயோசனம் இருந்ததா? அடுத்த கிழமை ஒரு கல்வெட்டு வேலை வந்தது. திருகோணமலை ஐயா ஒருத்தர், 84 வயசு, பழைய சோனகத் தெருவில கனகாலம் இரும்புக்கடை வைச்சிருந்தவர். 31ஆம் நாளுக்கு அடிக்கோணும், மகன் வந்து வழமையான சாமான் கேட்டார், மேல குத்துவிளக்கு, கீழ தாமரை, பின்னால சூரியன் மறையிறது, நடுவில முட்டை வடிவத்தில படம். நான் அதை அப்படியே செய்து குடுத்தன், கூட இன்னொண்டும் செய்தன். ரெண்டே கலர், அந்தப் பலகையின்ர கரும்பச்சையும் மங்கின மஞ்சளும், தாமரை இல்ல, விளக்கு இல்ல, "திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட" எண்ட வரியை பேப்பரில தூரிகையால எழுதி ஸ்கேன் பண்ணி, அதில "மலை"க்குப் பழைய "லை" போட்டன், ஃபோட்டோவைப் பாத்துப் பாத்து ஒரு முப்பது தரம் எழுதியிருப்பன். மகன் பாத்தார், "தங்கச்சி இதில எழுத்துப் பிழை" எண்டார், அதோட விளக்கு எங்க எண்டும் கேட்டார். நான் விளங்கப்படுத்தினதை அவர் கேக்கிற மாதிரி இல்ல. சரி எண்டு ரெண்டையும் வீட்ட கொண்டு போய்க் காட்டுங்கோ எண்டு பிரிண்ட் எடுத்துக் குடுத்தன். பின்னேரம் அந்த வீட்டு அம்மாவே கோல் எடுத்தா. "பிள்ளை, இவர் கடைசி மட்டும் லை இப்பிடித்தான் எழுதுறவர், பில் புத்தகம் முழுக்க இருக்கு, உனக்கு எப்பிடித் தெரியும்" எண்டு கேட்டா. எனக்கு என்ன சொல்றதெண்டு தெரியேல்ல, செட்டியார் தெருவில பாத்தன் அம்மா எண்டன். கடைசியில என்னெண்டா என்ர எழுத்து முன் அட்டைக்கு, மகன்ர விளக்கு பின் அட்டைக்கு, சூரியன் மறையிறதை மட்டும் எல்லாருமாச் சேர்ந்து கைவிட்டாச்சு. 300 பிரதி.

கலியாண காட்காரர் இன்னும் யூகலிப்டஸ்தான் கேக்கினம், அதில மாற்றம் ஒண்டும் இல்ல.

காசு குடுக்க விருப்பம் இல்லாத ஆக்களுக்கு: நேர்மையாச் சொன்னா, முதல் ஒரு மணித்தியாலத்தை நீங்களே செய்யலாம், சப்பாத்துப் பெட்டியும் கத்திரிக்கோலும் போதும். பெட்டா வேண்டாம் எண்டா பொறளை கோதமி விகாரைக்குப் போங்கோ, ஜோர்ஜ் கீட் சுவர் முழுக்கக் கீறி வைச்சிருக்கிறார், கோடு எப்படி வளையிறது எண்டு படிக்க அதைப்போல இடம் இல்ல, சும்மா போய்ப் பாக்கலாம். பார்ன்ஸ் பிளேஸில சபுமல் ஃபவுண்டேஷன், ஓவியர் ஹரி பீரிஸ் இருந்த வீடு, 43 குறூப் (1943இல சேர்ந்த ஓவியர் கூட்டம்) ஆக்களின்ர படங்கள் வீட்டுச் சுவரில மாட்டின மாதிரியே இருக்கு. பெய்ரா வாவியில சீமா மாலகய எண்ட பௌத்த மண்டபம், பாவா செய்தது, பின்னேரம் போனா தண்ணியில கூரையின்ர நிழல். காலி வீதியில பெயர்ஃபூட் கடை, வாங்க வேண்டாம், விலையைப் பாக்கவும் வேண்டாம், கைத்தறித் துணி அடுக்கியிருக்கிற தட்டுக்கு முன்னால பத்து நிமிசம் நில்லுங்கோ, பாபரா சன்சோனி கலரை அடுக்கின விதம் அது, பச்சைக்குப் பக்கத்தில ஊதாவை அவ வைச்சதில ஏனோ சண்டை வரேல்ல. கிறீன் பாத் பக்கம் போனா ரோட்டோரம் படம் வைச்சு விக்கிற ஆர்ட்டிஸ்ட்டுகளோட நிண்டு கதைக்கலாம், என்ன பெயின்ட் என்ன பேப்பர் எண்டு கேட்டா சொல்லுவினம்.

இந்த நடைக்கு நான் குடுக்கிறது அஞ்சுக்கு மூண்டரை. அட்டைக்கும் அந்தப் பலகைக்கும் ஒண்டு ஒண்டு, சேருக்கு ஒண்டரை. பிந்தினதுக்கும் 13 பேருக்கும் மூண்டு மொழிப் புளுகுக்கும் சேர்த்து ஒண்டரையை வெட்டினன். டிசைன், தையல், நகை, கேக் ஐசிங் செய்யிற ஆக்கள், கலரோடயும் வடிவோடயும் பிழைக்கிற ஆர் போனாலும் பிரயோசனம் இருக்கு. கமரா பழக எண்டு போறவை போகாதேங்கோ, அவர் அதைப் படிப்பிக்கேல்ல. காசு போட முதல் எத்தினை பேர், தமிழில விளக்கம் இருக்கா எண்டு கோல் எடுத்துக் கேளுங்கோ, மெசேஜுக்குப் பதில் வராது. தண்ணிப் போத்தல், குடை, பழைய செருப்பு. வழியில பெண்களுக்குப் போற மாதிரி டொய்லெட் ஒண்டும் கிடையாது, கோட்டை ஸ்டேஷனிலயே போயிட்டு வெளிக்கிடுங்கோ. ஃபீட்பக் செஷனுக்கு நிக்காம கோயிலோட கழண்டு 10 மணிக்கு முதல் பஸ் ஏறினா வீட்ட போய் இடியப்பம் ஆற முதல் சாப்பிடலாம்.